பழைய பிக்கப்புக்கு பிரேக் லைன் தேடிய கதை: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

என் பிக்கப்புக்கு இப்போது இருபத்தெட்டு வயது. ஜப்பான் தயாரிப்பு, இன்ஜின் இன்னும் கல்லு மாதிரி ஓடுகிறது. நான்கு வருடத்துக்கும் முன்பு பிரேக் ஆயில் அடிக்கடி இறங்க ஆரம்பித்தது. லைனிங் தேயத் தேய டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் மாதாமாதம் ஊற்றும்படி இறங்காது. அது தெரிந்தும் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். ஒரு நாள் மிதித்தபோது பெடல் பாதிக்குமேல் உள்ளே போய்விட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆயில் சர்க்யூட் என்பதால் முன் பிரேக் பிடித்து வண்டி நின்றது.

அடியில் படுத்துப் பார்த்தால், டேங்குக்கு மேலே பிரேக் லைனை, அதாவது ஆயில் போகும் மெல்லிய இரும்புக் குழாயை, பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பில் ஈரம். கிளிப்பைக் கழற்றினேன், குழாயும் செதில் செதிலாக உதிர்ந்து கையோடு வந்தது. வெளியே தெரிந்த இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கிளிப்புக்குள் அடைந்த சேறு காயாமல் வருடக்கணக்கில் தின்றிருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிளிப்புகளைத்தான்.

அப்புறம் ஆரம்பித்தது தேடல். கம்பெனி பார்ட் நம்பர் எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது. அதே மாடலுக்கு என்று வளைத்தே விற்கும் லைன் ஒன்றை வரவழைத்தேன். அது சரக்கு ஏற்றும் தொட்டி குட்டையாக உள்ள வண்டிக்கானது, என்னுடையது நீளத் தொட்டி. ஒரு முழத்துக்கும் மேல் பற்றவில்லை. ஒரே மாடல் பெயரில் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) இரண்டு மூன்று இருக்கும். சேஸி நம்பர் கேட்காமல் பார்ட் கொடுப்பவரை நம்பக் கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து குழாயை மீட்டர் கணக்கில் வாங்கி நானே வளைப்பது என்று முடிவு செய்தேன். என் தவறு என்னவென்றால் குழாயைத் தேடியது. 4.75 மி.மீ. குழாய் எங்கும் கிடைக்கும். தேட வேண்டியது அதன் இரண்டு முனைகளை: நட்டின் மரையையும் ஃப்ளேரின் (கசியாமல் உட்கார விரித்துவிட்ட குழாய் முனையின்) வடிவத்தையும். முதலில் கிடைத்த நட்டுகள் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. எனக்கு வேண்டியது எம்10, அதாவது 10 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி (பிட்ச்). விட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தப்பான நட் கையாலேயே இரண்டு சுற்று லொடலொடவென்று போனது, பிறகு இறுகியது. ‘சரியாக உட்கார்ந்துவிட்டது’ என்று ஸ்பானர் போட்டிருந்தால் வீல் சிலிண்டரின் மரையும் போயிருக்கும். நல்லவேளை, சந்தேகப்பட்டு வெர்னியர் வைத்துப் பார்த்தேன்.

ஃப்ளேரில் இன்னொரு குழி. மில்லிமீட்டர் மரை என்றால் காளான் தலை போன்ற பப்பிள் ஃப்ளேர்தான் என்று பலரும் அடித்துச் சொன்னார்கள். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். என் வண்டியில் மரை எம்10, ஆனால் ஃப்ளேர் 45 டிகிரியில் உள்ளே மடித்த டபுள் ஃப்ளேர். பழைய குழாயின் முனையை இரண்டு அங்குலம் வெட்டி வைத்திருந்ததால் தப்பித்தேன். பழைய லைனைத் தூக்கி எறியாதீர்கள். அதைவிட நல்ல கேட்லாக் கிடையாது.

குழாய்க்கு நான் எடுத்தது காப்பர்-நிக்கல். இரும்புக் குழாய் போலத் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், ஃப்ளேர் சுலபமாக விழும். வெறும் செம்புக் குழாயைச் சிலர் சிபாரிசு செய்தார்கள். அதிர்வில் இறுகி விரிசல் விடும், பிரேக்குக்கு ஆகாது. வெட்டிய இடத்தில் கம்ப்ரெஷன் ஜாயின்ட் (ஃப்ளேர் இல்லாமல் வளையத்தை நசுக்கி இறுக்கும் இணைப்பு) போட்டுவிடலாம் என்ற யோசனையும் அதே ரகம். (ஃப்ளேர் அடித்தபின் நட் நுழையாது; நட்டைக் கோர்க்க மறந்து அடித்த துண்டுகள் இரண்டு இன்னும் கேரேஜில் கிடக்கின்றன.)

பின் ஆக்ஸிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் முதலில் வந்தது கடை அலமாரியிலேயே பல வருடம் தூங்கிய சரக்கு. மடக்கியதும் மேலே நுணுக்கமான வெடிப்பு. திருப்பிவிட்டேன். ஹோஸில் அச்சடித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஹோஸ் உள்ளே உப்பி அடைத்தால், மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது. வீல் பிடித்துக்கொண்டே சூடாகும்.

உண்மையில் தண்ணி காட்டியது பின் ஆக்ஸிலோடு கம்பியால் இணைந்த லோடு சென்சிங் வால்வு, அதாவது சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. இறுகிப் போயிருந்தது, புதிது கிடைக்கவே இல்லை. ‘எடுத்துவிட்டு நேராக லைன் கொடு’ என்றார்கள். தொட்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் எடையே கிடையாது. அந்த வால்வு இல்லாமல் அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுழலும். ஏழு மாதம் தேடி, உடைக்க வந்த வண்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். இந்த வேலையில் நான் ஏற்றுக்கொண்ட ஒரே பழைய பார்ட் அதுதான். அதுவரை வண்டி ஷெட்டிலேயே நின்றது.

நான்கு வருடம் ஆகிறது. காப்பர்-நிக்கல் லைன் லேசாகக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் வருடம் ஒரு நட்டில் கசிவு வந்தது. நான் அடித்த ஃப்ளேர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வெட்டி மறுபடி அடித்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 ரக பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுத்துவிடுகிறேன். மரை, ஃப்ளேர், ஒவ்வொரு லைனின் நீளம் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். முன் லைன்கள் இன்னும் வண்டியோடு வந்தவையே. போன வாரம் கிளிப்புகளைக் கழற்றிப் பார்த்தேன். இடது பக்கம் சொறசொறப்பு ஆரம்பித்துவிட்டது.