கடலுணவு ஆலை வாங்குவோருக்கான இடர் ஆய்வுச் சேவை: ஒரு மதிப்பீடு

மண்டபம் அருகே இயங்கும் கடலுணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் பங்குகளை எங்கள் குழுமம் முழுமையாக வாங்க முனைந்தபோது, டியூ டிலிஜென்ஸ் பணியை, அதாவது வாங்கும் முன் நிறுவனத்தின் கணக்குகளையும் இடர்களையும் ஆராயும் வேலையை, சென்னையிலுள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். கட்டணம் அதிகம்தான், எனினும் ஒப்பந்த விதிகளைப் பொறுத்தவரை அது தகும்.

கண்ட இடரை அறிக்கையில் எழுதிவிட்டு ஒதுங்காமல், அதை விலையாகவோ நிபந்தனையாகவோ மாற்றித் தருவதே இவர்களது பலம். இந்திய இறாலுக்கு அமெரிக்கா 2005 முதல் விதித்துவரும் ஆன்டி-டம்பிங் வரியின் (நியாய விலைக்கும் குறைத்து விற்கப்படும் இறக்குமதிக்கான கூடுதல் வரி) இறுதி விகிதம், சரக்கு இறங்கிய பின் நடக்கும் மறுஆய்வில்தான் முடிவாகிறது. வரியைத் தானே ஏற்பதாகச் சொல்லி நிறுவனம் முன்பு அனுப்பிய பண்ணை இறாலுக்கான பாக்கி, கைமாறிய பின் எங்கள் தலையில் விழக்கூடும் என்பதை இன்வாய்ஸ் வாரியாகக் காட்டி, விலையில் ஒரு பகுதியை, நிபந்தனை நிறைவேறும்வரை மூன்றாம் தரப்பிடம் இருக்கும் எஸ்க்ரோ கணக்கில் நிறுத்தச் செய்தார்கள். உத்தரவாதக் கடிதம் போதாதா என்று விற்பவர் தரப்பு கேட்டதற்கு, 2008-இல் இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்சியை வாங்கிய ஜப்பானின் டாய்ச்சி சாங்க்யோ, உண்மைகள் மறைக்கப்பட்டதாக வழக்காடி 2016-இல் நடுவர் தீர்ப்பைப் பெற்ற பிறகும் பணத்தை வசூலிக்க நீதிமன்றங்களுக்கு அலைய நேர்ந்ததை எடுத்துச் சொன்னார்கள்.

குறைகள் ஆலையின் வாசலுக்கு வெளியே தொடங்குகின்றன. படகுக்காரர்களுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை வரவேண்டிய கடனாகக் கருதி, பழைய தொகைகளை வாராக்கடனில் தள்ளினார்கள். பாம்பனில் ஒரு சீசன் வியாபாரம் செய்தவர்கூட அப்படிப் பார்க்கமாட்டார். கணவாயும் நண்டும் வேறு கம்பெனிக்குப் போகாமலிருக்கக் கொடுத்து வைக்கும் பணம் அது. படகு உரிமையாளர் அதைத் திருப்பிக் கட்டினால், அவர் வேறிடம் போகிறார் என்றே பொருள். ஆகவே அறிக்கை வாராக்கடன் என்றதில் பெரும்பகுதி உண்மையில் உறுதியான கொள்முதல். நன்றாக வசூலாகிறது என்று பாராட்டியது கைநழுவும் கொள்முதல். படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் முன்பணமும் சரக்கும் ஒருசேரப் போகும் என்ற நிஜமான இடரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் கரையில் நின்று எடைபோடும் ஏஜெண்டின் முகத்துக்காக நடப்பது. விலகாமலிருக்கச் சிறப்பு ஊதியம் தரவேண்டியோர் பட்டியலில் மேலாளரும் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியும் இருந்தார்கள், ஏஜெண்ட் இல்லை.

கள ஆய்வை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டதும் சரியல்ல. கணவாய்ப் பிரிவு பூட்டிக் கிடக்க, சரக்கை விரைவாக உறையவைக்கும் பிளாஸ்ட் ஃப்ரீசரின் திறனை அதன் தகட்டில் பொறித்திருந்தபடியே குறித்துக்கொண்டு போனார்கள்.

வரி, வழக்கு, ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இவர்களைத் தயங்காமல் அமர்த்தலாம். கொள்முதல் ஆய்வை மட்டும் தனியே பிரித்து, ஏலக்கூடம் அறிந்த உள்ளூர்க் கணக்கர் ஒருவரிடம் ஜூன் பிற்பாதியில் கொடுப்பது நல்லது.