14 மாசமா ஓட்டுற ப்ராஜெக்ட் கணக்கு சாஃப்ட்வேர்: பட்ஜெட் சூப்பர், பில்லிங்கு கஷ்டம்

நாங்க சிங்கப்பூர்ல உபி பக்கம் ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் சப்கான், அதாவது பெரிய ஒப்பந்தக்காரர்கிட்ட துணை ஒப்பந்தம் எடுக்கிற கம்பெனி. கணக்குக்கு நானும் இன்னொரு பொண்ணும் தான், சைட்டு மட்டும் எப்பவும் ஏழெட்டு ஓடிட்டே இருக்கும். சாஃப்ட்வேர் பேர நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா திட்டவும் போறேன். மாச சந்தா, 5 பேருக்கு லாகின், கிளவுட்ல ஓடுற வகை.

முதல்ல நல்லத சொல்லிடறேன். பட்ஜெட் பக்கம் உண்மையிலேயே காசுக்கு மதிப்பு இருக்கு. முன்னாடி எக்செல்ல தான் எல்லாம், சப்ளையர் பில்லு வந்தா தான் செலவுன்னு ஏத்துவோம், பில்லு வர ஒரு மாசம் ஒன்றர மாசம் ஆகும், அதுவரைக்கும் ஜாப்ல காசு மிச்சம் இருக்கிற மாதிரியே தெரியும், பாஸும் சந்தோஷமா இருப்பாரு. இதுல பிஓ (சப்ளையருக்குப் போடுற கொள்முதல் ஆர்டர்) அப்ரூவ் ஆன நிமிஷமே அந்த லைன்ல இருந்து காசு கழிஞ்சிடுது.

துவாஸ்ல ஒரு ஜாப். கேபிள் ட்ரேக்கு பட்ஜெட்ல 18,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டிருந்தோம், 14,200க்கு ஏற்கனவே பிஓ போயாச்சு. சைட் சூப்பர்வைசர் இன்னொரு 5,100க்கு கேக்குறாரு, உடனே செவப்பு, 1,300 தாண்டுதுன்னு பிஓ நின்னுடுச்சு. போன் போட்டு "என்னண்ணே, எங்க போகுது இவ்ளோ ட்ரே?"ன்னேன். "டிராயிங் மாறிடுச்சுக்கா, மெயின்கான் (முதன்மை ஒப்பந்தக்காரர்) ஆளு வழிய மாத்தி அடிக்கச் சொன்னாரு"ன்னு சாதாரணமா சொல்றாரு. அண்ணே அது நம்ம செலவே இல்ல, வேரியேஷன் ஆர்டர் (விஓ, ஒப்பந்தத்துல இல்லாத மாற்றத்துக்கான ஆர்டர்) போட்டு வாங்க வேண்டிய காசு! அன்னைக்கே எழுத்துல இன்ஸ்ட்ரக்‌ஷன் வாங்கச் சொல்லி விஓ அனுப்பினோம். எக்செல்லா இருந்தா ஜாப் முடிஞ்சு தான் தெரிஞ்சிருக்கும், அப்புறம் யாரு குடுப்பா.

ஆள் கூலி விஷயத்துல ஒண்ணு கவனிங்க. ஆளுங்க போன்லயே டைம்ஷீட் போடுறாங்க, அது ஓகே, ஆனா மணிக்கு எவ்ளோன்னு கணக்கு பண்ண இது அடிப்படைச் சம்பளத்த மட்டும் தான் எடுக்குது. லெவி (வெளிநாட்டு ஆளுங்களுக்கு அரசாங்கத்துக்குக் கட்டுற வரி), டார்ம் (ஆளுங்க தங்குற விடுதி) வாடகை, லாரி எதுவுமே சேரல. முதல் ரெண்டு மாசம் எல்லா ஜாபும் லாபத்துல இருந்துச்சு, எனக்கே சந்தேகம் வந்து ரேட்ட நானா உக்காந்து கட்டினேன்.

இப்ப பில்லிங்கு. இங்க தான் தலவலி. கட்டுமான வேலைல நாம நேரா இன்வாய்ஸ் போடறதில்லல்ல, முதல்ல இதுவரைக்கும் முடிச்ச வேலைக்கு காசு கேட்டு ப்ராக்ரஸ் க்ளெய்ம், எவ்ளோ ஒத்துக்கிறாங்கன்னு மெயின்கான் பேமென்ட் ரெஸ்பான்ஸ் குடுக்கணும், சட்டப்படி அதிகபட்சம் 21 நாள், அதுக்கப்புறம் தான் நாம டாக்ஸ் இன்வாய்ஸ், அதுல இருந்து 35 நாளுக்குள்ள காசு. இந்த சாஃப்ட்வேருக்கு க்ளெய்மும் இன்வாய்ஸும் ஒண்ணு தான். க்ளெய்ம் அனுப்பின அன்னைக்கே வருமானம்னு ஏத்திடும், ஜிஎஸ்டியும் சேந்து ஏறிடும், க்யூஎஸ் (மெயின்கான் பக்கம் வேலைய அளந்து க்ளெய்ம சரிபாக்கிறவர்) பாதிய வெட்டினா கிரெடிட் நோட் போட்டு சரி பண்ணணும். காலாண்டு எஃப்5 (ஜிஎஸ்டி கணக்கு ஃபாரம்) போடுற நேரம் இத பிரிச்சு எடுக்கிறதுக்குள்ள கோப்பி ரெண்டு ஆறிப் போகும்.

அப்புறம் ரிட்டென்ஷன், அதாவது வேலைல குறை வந்தா சரி பண்ணன்னு ஒவ்வொரு க்ளெய்ம்லயும் அவங்க பிடிச்சு வச்சுக்கிற காசு. ஒரு ஜாப் 240,000 வெள்ளி. போன க்ளெய்ம் வரைக்கும் 25 பர்சன்ட் வேலை முடிஞ்சிருந்துச்சு, இப்ப 40. இந்த தடவ வேலை 36,000, அதுல 10 பர்சன்ட் பிடிச்சா 32,400 தான் இன்வாய்ஸ். பிடிச்சு வச்ச காசுக்கு ஜிஎஸ்டி பின்னாடி அத விடுவிச்சு பில் போடும்போது தானே வரும், அப்ப 9 பர்சன்ட் 2,916. இது 36,000க்கு போட்டு 3,240ன்னு அடிச்சிருக்கு. நானும் பாக்காம அனுப்பிட்டேன், தப்பு என்னோடதும் தான். 324 வெள்ளிக்காக இன்வாய்ஸ் திரும்பி வந்து, அந்த மாச பேமென்ட் ரன்ன தவற விட்டோம், சம்பளத்துக்கு பாஸ் ஓடி அலஞ்சாரு. பிடிச்சது மொத்த ஜாப் தொகைல 5 பர்சன்ட் ஆனதும் பிடிக்கிறத நிறுத்தணும்ல, அது மட்டும் ஒழுங்கா நிக்குது.

இன்வாய்ஸ்நவ் (சிங்கப்பூரோட மின் இன்வாய்ஸ் நெட்வொர்க்) இருக்கு, சாதாரண சர்வீஸ் பில்லுக்கு அது அருமை, பிடிஎஃப் அனுப்பி "வந்துச்சா வந்துச்சா"ன்னு கேக்க வேணாம், நேரா அவங்க சிஸ்டத்துலயே போய் விழுந்துடுது.

ஹெல்ப்டெஸ்க் மரியாதையா பேசுறாங்க, ஆனா "அடுத்த அப்டேட்ல வரும்"ங்கிற பதில மட்டும் நாலு தடவ கேட்டுட்டேன். வாங்குறவங்க டெமோல உங்க சொந்த க்ளெய்ம் ஒண்ண குடுத்து ரிட்டென்ஷனோட போடச் சொல்லுங்க, அவங்க வச்சிருக்கிற மாதிரி கம்பெனி கணக்குல எல்லாமே அழகா தான் வரும். பிஎஸ்ஜி மானியம் (இந்த மாதிரி சாஃப்ட்வேர் வாங்க சின்ன கம்பெனிகளுக்கு அரசாங்கம் குடுக்கிறது) எடுக்கிறதா இருந்தா விண்ணப்பத்துக்கு முன்னாடி கையெழுத்தோ காசோ குடுத்துடாதீங்க, மானியம் போயிடும்.

நாங்க ரினியூ பண்ணிட்டோம். 5 லாகின 3 ஆக்கி, பிஓவும் டைம்ஷீட்டும் இதுல, க்ளெய்ம் மட்டும் பழையபடி எக்செல்ல. அஞ்சுக்கு மூணு ஸ்டார்.