சைனஸ் தொல்லைக்குக் கடையில் கிடைக்கும் வீட்டு வைத்தியப் பொருள்கள்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

பெங்களூருக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆன தமிழ்க் குடும்பங்களில், காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் போடுபவரோ, குனிந்தால் நெற்றியில் அம்மிக்கல்லை ஏற்றியது போல் பாரம் என்பவரோ, கன்னத்தை அழுத்திக்கொண்டு பல்வலியா சைனஸா என்று தெரியாமல் விழிப்பவரோ ஒருவராவது இருப்பார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரின் குளிர்ந்த காலைப்பொழுதும், எப்போதும் எங்காவது தோண்டப்பட்டுக்கொண்டே இருக்கும் சாலைகளின் தூசும், காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடியின் மகரந்தமும் மூக்குக்கு ஓய்வு தருவதில்லை. அதனால் மருந்துக் கடை, நாட்டு மருந்துக் கடை, யோகாசனப் பொருள்கள் விற்கும் கடை என எங்கே போனாலும் சைனஸுக்கென்று நாலு சாமான்கள் கண்ணில் படுகின்றன. எங்கள் வீட்டில் வாங்கிப் பயன்படுத்தியவற்றை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்: மூக்கு கழுவும் பிழிபுட்டியும் உப்புப் பொட்டலங்களும், உப்புநீரை ஊற்றி மூக்கைக் கழுவும் ஜல நேதிக் குவளைகள் இரண்டு, மின்சார ஆவிக் கருவி, அல்சூரில் வாங்கிய நாட்டு மருந்துச் சாமான்கள். இவற்றுள் காசுக்கு முழு மதிப்பு தந்தது பிழிபுட்டி ஒன்றுதான் என்பது என் கணிப்பு. மற்றவை இதம் தருபவை, அல்லது தேவையற்றவை. ஒன்றிரண்டு தவிர்க்க வேண்டியவையும் உண்டு.

காரணத்தைப் புரிந்துகொள்ள மூக்கின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நெற்றியிலும் கன்னங்களிலும் கண்களுக்கு இடையிலும் மூக்கின் பின்னாலும் இணை இணையாக நான்கு வகைக் காற்றறைகள் உள்ளன; இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். அவற்றின் உட்சுவரில் சுரக்கும் சளியை, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கன்னத்து அறைகளின் வாசலோ கீழே இல்லாமல் உட்சுவரின் மேற்பகுதியில் இருக்கிறது. ஆகவே சளி அங்கிருந்து தானாக வழிந்துவிடாது, மேல்நோக்கித் தள்ளப்பட்டே வெளியேற வேண்டும். சளிக்காய்ச்சலாலோ ஒவ்வாமையாலோ மூக்கின் உட்தோல் வீங்கி அந்தச் சிறு வாசல் அடைபட்டால், உள்ளே தேங்கியது கெட்டியாகி வலியும் பாரமும் தொடங்குகின்றன. வீக்கம் குறைய வேண்டும், சளி இளக வேண்டும், நுண்மயிர்கள் மீண்டும் வேலை செய்ய வேண்டும். ஒரு பொருள் இவற்றில் எதற்கு உதவுகிறது என்று பார்த்தே அதற்கு மதிப்பெண் போட வேண்டும்.

பிழிபுட்டி என்பது ஏறத்தாழ 240 மில்லி கொள்ளும் மென்மையான பிளாஸ்டிக் புட்டி; மூக்குத் துளையில் பொருந்தும்படி உருண்டையான மூடியும், அதன் நடுவில் ஒரு துளையும், அடிவரை இறங்கும் ஒரு குழாயும் இருக்கும். கூடவே வரும் பொட்டலங்களில் இருப்பது சோடியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும், அதாவது உப்பும் சமையல் சோடாவும்தான். வெதுவெதுப்பான நீரில் ஒரு பொட்டலத்தைக் கரைத்து, கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடியே ஒரு துளையில் மெல்லப் பிழிந்தால், நீர் மூக்கின் பின்புறத்தைச் சுற்றி வந்து மறு துளை வழியாக விழும். பாதிப் புட்டி ஒரு பக்கம், பாதி மறு பக்கம். முதல் தடவை நீரில் மூழ்கியது போன்ற பதற்றம் வரத்தான் செய்யும். வாயால் மூச்சு விடுவதும் நடுவே விழுங்காமல் இருப்பதும் பழகிவிட்டால் ஒரு நிமிட வேலை. உப்பு சரியான அளவில் இருப்பதால் எரிச்சல் இல்லை. வெறும் தண்ணீரைவிட்டால்தான் உச்சி வரை சுரீர் என்று ஏறும்.

இந்தப் புட்டியை நான் முதலிடத்தில் வைப்பதற்கு என் வீட்டு அனுபவம் மட்டும் காரணமன்று. இங்கிலாந்தில் நீண்ட நாள் சைனஸ் தொல்லை உள்ள 871 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு ஆறு மாதத்தின் முடிவில் ஓரளவு நன்மை தெரிந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்ததைத் தவிர வேறு குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ‘ஓரளவு’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகள் இந்த அடக்கத்தோடு இல்லை.

குறைகளும் உண்டு. கழுவி முடித்த பின் காற்றறைகளில் தங்கிய நீர், அரை மணியோ ஒரு மணியோ கழித்துக் குனியும்போது சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும். மெட்ரோவில் கீழே வைத்த பையை எடுக்கக் குனிபவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். ஆகவே வெளியே கிளம்புமுன்னும் படுக்கப் போகுமுன்னும் செய்யாமல், சற்று முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. மூக்கு முற்றிலும் அடைத்திருக்கும்போது அழுத்திப் பிழிந்தால் நீர் காதுப் பக்கம் ஏறி வலிக்கும். காதில் நோய்த்தொற்று உள்ளவர் தொடவே வேண்டாம். முடிந்ததும் மூக்கை ஓங்கிச் சிந்தாமல், ஒவ்வொரு பக்கமாக மெதுவாக ஊத வேண்டும். புட்டியைக் கழுவிக் கவிழ்த்து உலரவைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும் என்பதால் தொடர்செலவும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். எங்கள் குடியிருப்பில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் காவிரி நீரும், ஆழ்துளைக் கிணற்று நீரும், கோடையில் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்துதான் மேல்தொட்டிக்கு ஏறுகின்றன. அதைக் குழாயிலிருந்து பிடித்து அப்படியே மூக்கில் விடக் கூடாது. நெக்லேரியா ஃபவ்லேரி என்ற அமீபா தண்ணீரோடு வயிற்றுக்குள் போனால் கெடுதல் செய்யாது. மூக்கின் வழியே ஏறினால் முகர்வு நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை எட்டும், பிழைப்பவர் மிகச் சிலரே. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய் நீரால் நேதி செய்த இருவர் இப்படித்தான் இறந்தனர். நோய் அரிது, ஆனால் தடுக்கும் வழி அதைவிட எளிது: தளதளவென்று கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வைத்து, மூடி ஆறவிட்டுப் பயன்படுத்தினால் போதும். 6,500 அடிக்கு மேல் உள்ள இடங்களில் மூன்று நிமிடம் வேண்டும். பெங்களூர் ஏறத்தாழ 3,000 அடிதான் என்பதால் இங்கே ஒரு நிமிடம் சரி, புட்டியோடு ஊட்டிக்குப் போகிறவர் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். ‘ஆர்.ஓ. தண்ணீர்தானே, அதை எதற்குக் காய்ச்சுவது’ என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். வடிகட்டிய பின் அந்த இயந்திரத்தின் தொட்டியிலும் குழாயிலும் தங்கி நிற்கும் நீர் கிருமியற்றது என்று சொல்ல முடியாது. அதையும் காய்ச்சத்தான் வேண்டும். நான் வாங்கிய மருந்துக் கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் மிகப் பொடி எழுத்தில் இருந்தது.

நேதிக் குவளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை ஒன்றே, பிழிவதற்குப் பதிலாகத் தலையைச் சாய்த்து ஊற்றுகிறோம், ஈர்ப்பு விசை மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. அழுத்தம் குறைவு என்பதால், காது எளிதில் அடைத்துக்கொள்பவர்களுக்குப் புட்டியைவிட இதுவே பொருத்தம். விலை குறைந்த பிளாஸ்டிக் குவளையே போதுமானது. அதைப்போல் பல மடங்கு விலை சொல்லி விற்கும் செம்புக் குவளை பார்க்க அழகாக இருந்தாலும், செம்புக்கும் உப்புநீருக்கும் ஆகாது. ஒழுங்காகக் கழுவித் துடைத்தும் மூக்குக் குழலின் உள்விளிம்பில், விரல் நுழையாத இடத்தில், பச்சை படர்ந்துவிட்டது. இப்போது அதில் மணிபிளான்ட் வளர்கிறது.

மின்சார ஆவிக் கருவி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பொருள். மூக்கடைத்துத் தூக்கம் வராத இரவில், இரண்டு நிமிடத்தில் எழும் வெதுவெதுப்பான ஆவி தரும் இதத்தை ஆய்வுக் கட்டுரை காட்டி மறுத்துவிட முடியாது. ஆனால் இதம் வேறு, குணம் வேறு. அதில் போடச் சொல்லும் மென்தால் துளிகளும் அப்படித்தான்: குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, மூக்கு திறந்துவிட்டது போன்ற உணர்வைத் தருகின்றனவே தவிர, உள்ளே அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தரையில் வைத்துப் போர்வைக்குள் குனிவதைவிட இந்தக் கருவி பாதுகாப்பானது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லலாம். பாத்திரம் சரிந்து குழந்தைகளின் தொடையும் வயிறும் வெந்துபோவது, மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் விபத்து. கருவியையும் மெத்தை மேலோ மடியிலோ வைக்கக் கூடாது. இந்த ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் சில வாரங்களிலேயே சூடேறும் தகட்டின் மேல் வெள்ளைப் பொருக்குக் கட்டி, ஆவி வரத் தாமதமாகும். எலுமிச்சைச் சாறு கலந்த நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்துத் துடைத்தால் விட்டுவிடுகிறது.

அல்சூர் கடைத்தெருப் பக்கம் உள்ள நாட்டு மருந்துக் கடைக்கு ஒரு தனி நற்சான்று கொடுக்கலாம். கடைக்காரர் பொருளை எடுக்கும் முன்பே “யாருக்கும்மா, பெரியவங்களுக்கா, குழந்தைக்கா?” என்று கேட்டார், கைக்குழந்தைக்கு என்றால் கற்பூரம் சேர்ந்த எதையும் தர மாட்டேன் என்றும் சொன்னார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் ஆகாது என்பது சரியான எச்சரிக்கை. சுக்கு, ஓமம், விரலி மஞ்சள், நீர்க்கோவை மாத்திரை ஆகியவற்றை அவரிடமும், நொச்சித் தழையைச் சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடமும் வாங்கினோம். அதைக் கன்னடத்தில் லக்கி சொப்பு என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பாக இருக்கும் அந்த இலைகளைக் கசக்கியதும் எழும் காரமான மணமே பாதித் தலைபாரத்தைக் குறைத்தது போலிருக்கும். ஆவிக்கு நொச்சி போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தழையைக் கருவிக்குள் திணித்தால் பழுதாகும், தனியே கொதிக்கவைத்த பாத்திரம்தான் வேண்டும், அதற்குரிய எச்சரிக்கையும் வேண்டும்.

நீர்க்கோவை மாத்திரை உட்கொள்வதற்கு அன்று, நீரில் உரசி நெற்றியில் பற்றுப் போடுவதற்கு. சூடு ஏறும்போது வலி மறந்து சற்றுக் கண்ணயர முடிகிறது. மென்மையான தோல் உள்ளவர்களுக்குச் சிவந்து எரியும், கண்ணருகே போகவே கூடாது. விரலி மஞ்சளை விளக்கில் கருக்கிப் புகையை முகர்வதைப் பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம் என்றாலும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே வீங்கிப் புண்பட்ட உட்தோலுக்கு எந்தப் புகையும் எரிச்சலே. சளியைத் தள்ளவேண்டிய நுண்மயிர்களையும் அது மந்தப்படுத்துகிறது. கண்ணில் நீர் வந்து மூக்கு ஒழுகுவதைச் சளி இறங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கமும் அப்படியே: தேர்ந்த சித்த, ஆயுர்வேத மருத்துவர் பார்த்துச் செய்யும் நசியம் வேறு, நாமாக நாள்தோறும் நல்லெண்ணெய் விட்டுக்கொள்வது வேறு, எண்ணெய் சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்கு இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. வேறொரு கடையில் ‘பீனிசப் பொடி’ என்று ஒரு பொட்டலம் வாங்கினேன். என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்றோ தயாரித்த தேதி என்னவென்றோ எழுதப்படாத அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போயிற்று. அந்த விலைக்கு மிளகு வாங்கி ரசம் வைத்துக் குடித்திருந்தால், சூடான நீராகாரமாவது உள்ளே போயிருக்கும்.

இவற்றையெல்லாம் மதிப்பிடும்போது ஓர் உண்மையை மறக்கக் கூடாது. திடீரென்று வரும் சைனஸ் தொல்லை பெரும்பாலும் வைரஸால் வருவது; ஏழு முதல் பத்து நாளில் தானே தணியும். அந்தப் பத்தாம் நாள் கையில் எந்தப் பொருள் இருந்ததோ அதற்கு நல்ல பெயர் போய்ச் சேர்கிறது, கடைகளின் நற்பெயரில் பாதி இப்படி வந்ததே. பத்து நாள் கடந்தும் குறையாவிட்டாலோ, சற்றுத் தேறிப் பின் மீண்டும் மோசமானாலோ, 102 டிகிரி காய்ச்சலோடு சீழ் போன்ற சளி மூன்று நான்கு நாள் தொடர்ந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீங்கினாலும், பார்வை இரட்டித்தாலும், கழுத்து விறைத்தாலும் அன்றே போக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டுக்கொண்டால், நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும்.

வாங்கத் தீர்மானித்தவர்களுக்குச் செலவுக் கணக்கு ஒன்று. பிழிபுட்டியோடு வரும் பொட்டலங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும்; மறுபடி வாங்கும் பெட்டியின் விலை புட்டியின் விலைக்குச் சளைத்ததன்று. அயோடின் சேர்க்காத உப்பு மூன்று தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் கலந்து ஈரமில்லாத புட்டியில் வைத்துக்கொண்டு, காய்ச்சி ஆறிய 240 மில்லி நீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் அதே வேலை நடக்கிறது. இந்துப்பை நன்றாகப் பொடித்துச் சலித்துக்கொண்டால் பொருந்தும்; எரிந்தால் அடுத்த தடவை கலவையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அந்தப் புட்டியின் மேல் பெயர் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. ஒட்டாமல் விட்டு, யாராவது இட்லி மாவில் அள்ளிப் போட்டுவிட்டாலும் குற்றமில்லை. இட்லி கொஞ்சம் கூடுதலாகவே உப்பி வரும்.