சினைப்பையின் வயதை எது சொல்லும்: ரத்தமா, ஸ்கேனா?

பெங்களூரில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஆய்வகங்களின் பெண்கள் நலப் பேக்கேஜில், தைராய்டுக்கும் வைட்டமின் டி-க்கும் பக்கத்திலேயே இப்போது, சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.எச். ரத்தச் சோதனை வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் வாட்ஸாப்பில் வரும் அறிக்கையில் 0.9 என்று சிவப்பில் இருந்தால், மாரத்தஹள்ளியில் தனியே இருக்கும் 31 வயதுப் பெண்ணுக்கும் சேலத்தில் இருக்கும் அம்மாவுக்கும் அன்றிரவு தூக்கம் இல்லை. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்தால் பாதி பயம் விலகும்.

முதலில் சினைப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் முட்டைகள். பூப்பெய்தும்போது 3, 4 லட்சம். மாதவிலக்கு நிற்கும் வேளையில் ஏறத்தாழ 1,000. வாழ்நாளில் சினைப்பையை விட்டு வெளிவருவது 400, 500 தான். மற்றவை தாமாகவே அழிகின்றன. இது எண்ணிக்கை. தரம் வேறு கணக்கு: முட்டைக்குள் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் கொஹீசின் என்ற புரதம், அந்தப் பெண் தாய் வயிற்றில் இருந்தபோதே போடப்பட்டது. பிறகு புதிதாகச் சேர்வதில்லை. ஆண்டுகள் போகப் போகப் பிடி தளர்ந்து, குரோமோசோம்கள் தவறாகப் பிரிகின்றன. 40 வயதில் உருவாகும் கருக்களில் பாதிக்கும் மேல் இப்படிப்பட்டவையாக இருக்கக் காரணம் இதுவே.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. முட்டைகள் தங்கியிருக்கும் திசுவே மாறுகிறது. புறணிப் பகுதியில், அதாவது சினைப்பையின் வெளியடுக்கில், கொலாஜன் நார் கூடிக்கொண்டே போகிறது. முகக் கிரீம் விளம்பரங்களில் கேள்விப்படும் ஹயலுரோனிக் அமிலம் இங்கேயும் உண்டு, அது குறைகிறது. விளைவு, இளசாக நெகிழ்ந்திருந்த திசு விறைக்கிறது. கூடவே மெல்லிய அழற்சி நிரந்தரமாகக் குடியேறுகிறது. வயதான எலிகளின் சினைப்பையில் மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய செல்களாகத் திரண்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். விறைத்த திசுவில், முட்டையைச் சுமக்கும் சிறு பையான ஃபாலிக்கிள் வளர்வதும் வெடித்து முட்டையை வெளியே விடுவதும் கடினம்.

இந்த மூன்றில், இன்று கையில் இருக்கும் சோதனைகள் அளப்பது முதலாவதை மட்டும்தான்.

ஏ.எம்.எச். என்பது வளரத் தொடங்கிய சிறு ஃபாலிக்கிள்களைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் ஹார்மோன். மாதவிலக்கின் எந்த நாளிலும் எடுக்கலாம், வெறும் வயிறு வேண்டாம். வசதி என்று பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் தவறு நடக்கும் இடங்களும் இங்கேதான் அதிகம். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது அளவு இறங்கித் தெரியும். நிறுத்தி 2, 3 மாதம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை. போர்வெல் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை விழுங்குகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளில் ஏ.எம்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். 2, 3 நாள் முன்பே நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். அலகையும் பாருங்கள்: ஒரு மில்லி லிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 7.14 பிகோமோல். வெளிநாட்டு இணையதளத்தின் அட்டவணையில் பார்த்து அழுதவர்களில் சிலருக்குச் சிக்கல் அலகில்தான். கருவிக்குக் கருவி அளவு மாறும் என்பதால், திரும்பப் பார்ப்பதென்றால் அதே ஆய்வகத்தில் பாருங்கள்.

அடுத்தது ஏ.எஃப்.சி. மாதவிலக்கின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள், பிறப்புறுப்பின் உள்வழியாகச் செய்யும் ஸ்கேனில், இரண்டு சினைப்பையிலும் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள ஃபாலிக்கிள்களை எண்ணுவது. முடிவு உடனே கையில். சாக்லேட் சிஸ்ட் (எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி), நீர்க்கட்டி, சினைப்பையின் பருமன் ஆகிய மூன்றும் அதே ஸ்கேனில் தெரிந்துவிடும். ரத்தத்தால் இது முடியாது. குறை என்னவென்றால் எண்ணுகிற கையையும் கருவியையும் பொறுத்தது. அவசர அவசரமாகப் பார்க்கும் இடத்தில் 6 என்று வருவது, நிதானமாகப் பார்ப்பவரிடம் 10 ஆகலாம். திருமணமாகாதவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேல்வழியாகத்தான் ஸ்கேன் செய்வார்கள். அதில் சிறு ஃபாலிக்கிள்கள் தெளிவாகத் தெரியாது, எண்ணிக்கை குறைந்தே வரும். அறிக்கையில் எந்த வழி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அவர்களுக்கு ஏ.எம்.எச். சோதனையே மேல்.

எஃப்.எஸ்.எச். பழைய சோதனை; ஃபாலிக்கிளை வளரத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனை ரத்தத்தில் அளப்பது. மாதவிலக்கின் 2 அல்லது 3-ஆம் நாளில், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடையோலோடு சேர்த்து எடுக்க வேண்டும். எஸ்ட்ராடையோல் கூடியிருந்தால் எஃப்.எஸ்.எச். அடங்கி நல்ல எண்ணைப் போலத் தெரியும். மாதத்துக்கு மாதம் மாறும், தாமதமாகவே ஏறும். 40 வயதுக்குள் 4 மாதமாக விலக்கு வராதவருக்கு மட்டும் இதுவே முக்கியம்: 25-ஐத் தாண்டினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கருமுட்டை உறையவைக்கவோ ஐ.வி.எஃப். செய்யவோ போகிறவருக்கு ஏ.எம்.எச்., ஏ.எஃப்.சி. இரண்டும் தேவை. ஊசி மருந்தின் அளவும் எத்தனை முட்டை கிடைக்கும் என்ற மதிப்பீடும் அவற்றை வைத்துத்தான். ஏ.எம்.எச். (நானோகிராம் அலகில்) 1.2-க்குக் கீழே, ஏ.எஃப்.சி. 5-க்குக் கீழே என்றால் முட்டை குறைவாகவே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். இரண்டும் முரண்பட்டால், நல்ல கையில் எடுத்த ஸ்கேனை நம்புவோம்.

இயல்பாகக் கருத்தரிக்க முயல்கிறவருக்குக் கதை வேறு. 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத, 30 முதல் 44 வயது வரையான ஏறத்தாழ 750 பெண்களைப் பார்த்தார்கள். 6 சுழற்சிக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு, ஏ.எம்.எச். 0.7-க்குக் கீழே இருந்தவர்களுக்கு 65 சதவீதம், இயல்பாக இருந்தவர்களுக்கு 62. ஒரு மாதத்துக்கு வேண்டியது ஒரு முட்டைதானே. ஆகவே அந்த 31 வயதுப் பெண்ணின் 0.9, அவருக்குக் குழந்தை பிறக்காது என்று சொல்லவில்லை. அதே சமயம் 41 வயதில் 3.0 வந்தாலும் முட்டையின் வயது 41 தான்.

ஒரு சூழலில் மட்டும் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது: சாக்லேட் சிஸ்ட்டுக்கு அறுவை சிகிச்சை பேசப்படும்போது. கட்டியின் உறையை உரித்தெடுக்கையில், முட்டைகள் குடியிருக்கும் மெல்லிய புறணியும் சேர்ந்து போகும்; ஏ.எம்.எச். கண்கூடாக இறங்கும். சிகிச்சைக்கு முன்பே அளந்து வைத்து, முட்டை சேமிப்பு பற்றி அந்த அறுவை மருத்துவரிடமே கேளுங்கள்.