கிளாண்ட் பேக்கிங்கா, மெக்கானிக்கல் சீலா?

பம்புல சுத்துற தண்டு, அதான் ஷாஃப்ட், வெளிய வர்ற இடத்துல ஒழுகலை அடக்க ரெண்டு வழி: தண்டைச் சுத்தி கயிறு வளையங்களைத் திணிக்கிறது கிளாண்ட் பேக்கிங், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிற ரெண்டு முகத்தை வெச்சு அடைக்கிறது மெக்கானிக்கல் சீல். பேக்கிங் போட்ட பம்புல ஷாஃப்ட் பக்கம் தண்ணி ஒழுகுதுன்னா நிறைய பேர் உடனே சீலுக்கு மாத்திடலாமான்னு கேக்குறாங்க, கொஞ்சம் பொறுங்க.

செலவு: பேக்கிங் கயிறு மலிவு. சீல் பல மடங்கு விலை.

ஒழுகல்: பேக்கிங்ல சொட்டு சொட்டா விழுந்துதான் ஆகணும், அந்தத் தண்ணிதான் ஷாஃப்டையும் கயிறையும் குளிர வைக்குது, அது தெரியாம கயிறை அழுத்திப் பிடிக்கிற நட்டை இறுக்கி இறுக்கி ஷாஃப்ட் மேல மாட்டியிருக்குற உறையில, அதான் ஸ்லீவ்ல, பள்ளம் விழ வெச்சுடுறாங்க, பாக்கவே வயிறு எரியும். சீல்ல ஒரு முகம் சுத்தும், ஒண்ணு நிக்கும், நடுவுல மெல்லிசா ஒரு நீர்ப்படலம், வெளிய கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.

மாத்துறது: பேக்கிங்னா பம்பைக் கழட்டாமலே பழசை எடுத்துட்டு, புது வளையங்களை ஜாயின்ட் ஒரே நேரா வராம 90 டிகிரி தள்ளித் தள்ளி போட்டுடலாம். சீலுக்கு பெரும்பாலும் பம்பைப் பிரிச்சே ஆகணும், முகத்துல கை அழுக்கு கூட படக்கூடாது.

தண்ணி இல்லாம ஓடினா: சீல் சீக்கிரமே காலி. பேக்கிங்கும் கருகும், ஆனா திடீர்னு கைவிடாது.

மணல் கலந்த தண்ணி, பக்கத்துல ஆள் இருந்து பாத்துக்குற பம்புன்னா பேக்கிங்கே போதும். ஆசிட், சால்வென்ட்னா யோசிக்கவே வேணாம், சீல்தான், அங்க ஒரு சொட்டு வெளிய வந்தாலும் ஆபத்து. சுத்தமான தண்ணில நாள் பூரா ஓடுற பம்புக்கும் நான் சீல்தான் சொல்லுவேன், உரசல் கம்மிங்கறதால கரண்டும் கொஞ்சம் மிச்சமாகும்.