பாரிஸ் 2024 பிக்டோகிராம்கள்: போஸ்டருக்குப் பிரமாதம், பலகைக்குச் சுமார்

மொழி தெரியாதவரைச் சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஒலிம்பிக் பிக்டோகிராமின், அதாவது ஒவ்வொரு விளையாட்டையும் எழுத்தில்லாமல் காட்டும் படக்குறியீட்டின், முதல் வேலை. 1964 டோக்கியோவில் மசாரு கட்சுமியின் மேற்பார்வையில் யோஷிரோ யமாஷிதா விளையாட்டுக் குறியீடுகளை ஒரு தொகுப்பாக வரைந்ததே, ஜப்பானிய எழுத்து புரியாத கூட்டம் வந்து இறங்கப்போகிறது என்பதால்தான். இந்த வேலையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் பாரிஸ் தொகுப்பு தேறுவது கஷ்டம்.

வழக்கமாக ஓடிக்கொண்டும் தாண்டிக்கொண்டும் இருக்கும் வீரரை இதில் ஓரங்கட்டிவிட்டார்கள். அவருடைய இடத்தில் அரச முத்திரை போன்ற ஓர் அமைப்பு: நடுவில் ஓர் அச்சுக்கோடு, அதைச் சுற்றிச் சமச்சீராக விளையாட்டுக் கருவிகள், கூடவே ஆடுகளத்தின் கோடுகள். டிக்கெட்டிலும் டி-ஷர்ட்டிலும் பார்த்தால் அசத்தல்.

சிக்கல் தூரத்தில் ஆரம்பிக்கிறது. தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வெளிக்கோடுதான் முதலில் எட்டும்; உள்விவரம் பிறகுதான். இப்படிச் சமச்சீராக அடுக்கிய வடிவங்களின் வெளிக்கோடுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மட்டை பிடிக்கும் ஆட்டங்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 1972 மியூனிக்கில் ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஷர் 45, 90 பாகைக் கோணங்களுக்குள்ளேயே நின்று, கை கால்களை ஒரே தடிமனில் வரைந்தார். உடல் சாய்வை வைத்தே இன்ன ஆட்டம் என்று சொல்லிவிடலாம். அதே தொகுப்பை 1976 மான்ட்ரியாலிலும் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்றால் காரணம் இல்லாமலா?

அடுத்தது மெல்லிய கோடுகள். சாதாரணப் பார்வை பிரித்தறியும் எல்லை சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 20 மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 6 மி.மீ. ஆகவே 20 செ.மீ. உயரப் பலகையில் இரண்டு கோடுகளுக்கு இடையே 6 மி.மீ.க்குக் குறைவாக இடைவெளி விட்டால் அவை ஒன்றாக ஒட்டித் தெரியும். கருவி, களம் இரண்டையும் ஒரே சதுரத்தில் அடைத்தால் இந்த இடைவெளி கிடைப்பது அரிது. திரையிலும் இதே கதைதான்: சதுரத்தின் அகலத்தில் 2 சதவீதம் தடிமனுள்ள கோடு, 16 பிக்சல் ஐகானில் மூன்றில் ஒரு பிக்சலுக்குச் சுருங்கி வெறும் சாம்பல் கறையாகிவிடும். கருநிறப் பின்னணியில் வெள்ளையாக அச்சிட்டால் வேறு தொல்லை. மை விரிந்து மெல்லிய வெள்ளைக் கோட்டை அடைத்துவிடும்.

டோக்கியோ 2020 இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. வடிவமைப்பாளர் மசாகி ஹிரோமுரா குறியீடுகளை இரண்டு வகையாகவே கொடுத்தார்: போஸ்டருக்கும் டிக்கெட்டுக்கும் சுற்றிலும் சட்டம் (ஃப்ரேம்) இல்லாத வடிவம்; வரைபடத்துக்கும் பலகைக்கும் சட்டத்துக்குள் அடங்கிய வடிவம். ஒரே படத்தை எல்லா வேலைக்கும் இழுத்தடிக்கவில்லை.

பாரிஸுக்கு ஒரு சபாஷ் போட்டே ஆக வேண்டும். உடலை வரையாததால், சில ஆட்டங்களுக்கு ஒலிம்பிக்குக்கும் பாராலிம்பிக்குக்கும் ஒரே சின்னமே போதுமானதாகிவிட்டது. மனித உருவத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்வது கஷ்டம்.

இந்தப் பாணியைத் தங்கள் போட்டிக்கு எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கருப்பு வெள்ளையில் 8 மி.மீ. அளவில் அச்சிட்டு, விளையாட்டே தெரியாத ஒருவரிடம் பெயர் எழுதாமல் காட்டுங்கள். அவர் திணறும் சின்னங்களில் முதலில் களக்கோடுகளை எடுங்கள். பிறகு இரட்டையாக இருக்கும் கருவியை ஒன்றாக்குங்கள். சமச்சீர் போய்விடுமே என்று வடிவமைப்பாளர் முகம் சுளிப்பார். பெரிய அளவுக்கு மூல வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சமாளித்துவிடுங்கள்.