உப்புக் காற்றில் ஏழு கியர் சைக்கிள்: ஐம்பதைத் தாண்டியவரின் மதிப்பீடு

நடுவயதில் உடம்பைச் சீராக்கிக்கொள்ளலாம் என்று சைக்கிள் வாங்க விரும்புகிறவர்களுக்குப் படிக்கக் கிடைக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூரு சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் மேம்பாலம் வரும், மலைப்பாதை வரும், போக்குவரத்து நெரிசல் வரும். உப்புக் காற்றும் சீமைக் கருவேல முள்ளும் வருவதில்லை. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பன் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி வரையிலும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலம், வாடைக் காலம் இரண்டிலும் ஓட்டிப் பார்த்த ஒரு ஹைப்ரிட் சைக்கிளை, அதாவது சாலை சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகையைப் பற்றியது இந்த மதிப்பீடு. குறைகளையும் சொல்லப்போவதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே விலையில் வரும் மற்ற சைக்கிள்களும் ஏறத்தாழ இதே மாதிரியான உதிரி பாகங்களைக் கொண்டே பூட்டப்படுவதால், பெயர் இல்லாததால் வாசகருக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

அலுமினிய பிரேம், முன்சக்கரத்தைத் தாங்கும், சஸ்பென்ஷன் இல்லாத போர்க், 700×35 அளவு டயர், பெடல் பக்கம் 42 பல் கொண்ட ஒரே பற்சக்கரம், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு கியர், கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் ஆகியவைதான் இதன் அமைப்பு. விலை 15,000 ரூபாய்க்குச் சற்று மேல். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் வந்த சரக்கைப் பழைய அட்டை விலையிலேயே விற்கும் கடைகள் உண்டா என்பதை வாங்குகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கியர் எதற்கு, இந்த மாவட்டத்தில் மேடே கிடையாதே என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. மேடு கிடையாது என்பது உண்மைதான்; பாம்பன் சாலைப் பாலத்தின் நடுப்பகுதியை விட்டால் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் இந்தக் கரையில் எங்கும் இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர், 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காக்க முயன்றால், அவர் உடலில் மோதும் காற்றின் வேகம் 35 ஆகிறது. காற்றின் தடை அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அமைதியான காலையில் இருப்பதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.4 சுற்றுச் சுற்றும். இந்த ஹைப்ரிடில் பின்னால் உள்ள 28 பல் பற்சக்கரத்துக்கு மாற்றினால் அது 1.5 சுற்றாக இறங்குகிறது. அதாவது, வேகம் குறையும், ஆனால் முழங்காலில் விழும் அழுத்தமும் குறையும். இருபது வயதில் எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம். ஐம்பதுக்கு மேல் மூட்டு அதை மறுநாள் காலையில் ஞாபகப்படுத்தும். ஆடி மாதக் கச்சான் காற்றில் ஏர்வாடியை நோக்கிப் போகும்போது நான் நாலாவது கியருக்கு மேல் போடுவதே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, நடுவயதில் இந்தப் பகுதியில் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவருக்குக் கியர் அவசியம் என்று சொல்வேன். ஆனால் ஏழு போதும். முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று இருபத்தொரு கியர் விற்கிறார்கள்; சமதரையில் அதில் பாதிக்கு மேல் வேலையே இல்லை, துருப்பிடிக்கக் கூடுதலாக ஒரு கம்பியும், செயினைப் பல் மாற்றிப் போடும் ஒரு டீரெய்லரும்தான் மிச்சம். சஸ்பென்ஷனும் அப்படித்தான்: எடையைக் கூட்டுகிறது, உப்பில் அதன் குழாய்கள் முதலில் கெடுகின்றன.

உட்காரும் விஷயத்தில் கடையில் யாரும் நமக்கு நேரம் ஒதுக்குவதில்லை. சீட்டில் அமர்ந்து இரு பாதங்களும் தரையில் ஊன்றும்படி தாழ்த்திக் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. அது நிற்பதற்கு வசதி, மிதிப்பதற்குக் கேடு. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், மிக உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும். இந்தச் சைக்கிளோடு வந்த சீட் அகலமும் மென்மையும் கொண்டது. கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருந்தது, மண்டபம் போய்ச் சேர்வதற்குள் தொடை உரசி மரத்துப்போனது. நடுவில் பள்ளம் உள்ள, ஓரளவு கெட்டியான சீட்டை மாற்றிய பிறகுதான் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடிந்தது. கைவிரல்கள் மரத்தால் ஹேண்டில்பாரின் மேல் உடல் எடை அதிகமாக விழுகிறது என்று பொருள்; சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

உடம்புக்கு என்ன கிடைத்தது என்பதில் மிகைப்படுத்த விரும்பவில்லை. எடை குறைந்தது கொஞ்சம்தான். சாப்பாட்டைக் குறைக்காமல் சைக்கிள் மட்டும் ஓட்டினால் யாருக்கும் அவ்வளவுதான் குறையும். மூச்சு சீரானது, மாடிப்படி ஏறுவது எளிதானது, இரவுத் தூக்கம் திரும்பியது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் ஓட்டினால் கீழ் வரம்பு நிறைந்துவிடும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான உழைப்பை அறிய இதைவிட எளிய அளவுகோல் வேண்டியதில்லை. அதே பரிந்துரை வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியையும் கேட்கிறது. சைக்கிளில் உடல் எடையைச் சீட்டு தாங்கிவிடுவதால் எலும்புகளுக்குப் போதுமான பளு கிடைப்பதில்லை. எனவே நடையும், உட்கார்ந்து எழும் பயிற்சியும் தனியாக வேண்டும். இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு நீண்ட ஓட்டத்தின் நடுவில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும்; சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருப்பது நல்லது. இதற்கு நேர்மாறான ஆபத்து பனங்காட்டு ஓரங்களில் காத்திருக்கிறது: பருவ காலத்தில் விடியலிலேயே பதநீர் இறக்கி வைத்திருப்பார்கள், ஓட்டிய களைப்பில் பனையோலைப் பட்டையில் இரண்டு முறை வாங்கிக் குடித்தால் அதுவரை எரித்தது அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

இனி முள்ளுக்கு வருவோம். சைக்கிளோடு வந்த டயர் மெல்லியது, தார்ச்சாலைக்கு மட்டுமே ஏற்றது. எதிரே பேருந்து வரும்போது சாலையோரம் ஒதுங்கினாலே போதும், கருவேல முள் உள்ளே போய்விடும். அந்த முள்ளின் குணம் என்னவென்றால், குத்திய பிறகு வெளிப்பகுதி ஒடிந்து விழுந்துவிடும். அரை அரிசி அளவு முனை மட்டும் டயருக்குள் தங்கிவிடும். பஞ்சர் ஒட்டும்போது டயரின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிப் பார்த்தால், பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும் இடத்தில் முனை இருக்கும். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் உச்சிப்புளிப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு பாய். “டியூப மட்டும் ஒட்டிட்டுப் போனா நாளைக்கும் இங்கதான் சார் வரணும், முள்ளு உள்ளேயேல்ல கிடக்கு” என்று சொல்லி, இரும்புச் சீப்பைப்போல் தேய்ந்திருந்த தம் நகத்தாலேயே அதை நெம்பி எடுத்தார். முள் தாங்கும் உள்பட்டை கொண்ட டயரை மாற்றிய பிறகு பஞ்சர் மிகவும் குறைந்தது. சக்கரம் சற்றுக் கனமானது, அதை ஏற்றுக்கொள்ளலாம். டியூப் வாங்கும்போது பைக் டியூபில் உள்ளது போன்ற தடித்த வால்வு உள்ளதையே கேளுங்கள். ஒல்லியான வால்வுக்கு ஏற்ற காற்றடிக்கும் தலை கிராமத்துக் கடைகளில் இருக்காது.

உப்புதான் இந்தச் சைக்கிளின் உண்மையான சோதனை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது என்பதே நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் ஓயாத பராமரிப்பில் நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அந்தக் காற்றில் வாசலில் நிற்கும் சைக்கிள் எம்மாத்திரம்? அலுமினிய பிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதில் பொருத்திய இரும்பு ஸ்குரூக்கள், கேரியர் போல்ட், பிரேக் கம்பி, ஸ்போக்ஸை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள் எல்லாம் முதல் மழைக்காலத்திலேயே செம்பழுப்பாகிவிட்டன. நிப்பிள் இறுகிவிட்டால் ரிம்மில் கோட்டம் எடுக்க முடியாது. திருக்கினால் ஸ்போக்ஸ் முறுகி ஒடிகிறது. சீட்டைத் தாங்கும் குழாயைக் கிரீஸ் தடவாமல் விட்டால், உப்பு ஈரத்தில் அது பிரேமோடு ஒட்டிப்பிடித்துக்கொள்ளும், பிறகு உயரத்தை மாற்ற வழியே இருக்காது. இவ்வளவுக்கும் தீர்வு செலவு பிடிப்பதல்ல. கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். சர்வீஸ் கடைகளில் பைக்குக்கு அடிப்பதுபோல் அழுத்தத்தோடு அடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்துவிடும். பிறகு துணியால் துடைத்து, செயினுக்கு உரிய எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். என்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத் தடவும் பழக்கம் நம் பக்கம் உண்டு. மணல் அதில் அப்பி, செயினையும் பல்லையும் அரம்போல் அராவிவிடும். பிரேக் கம்பியை ஸ்டெயின்லெஸ் கம்பியாக மாற்றிக்கொண்டால் அந்தக் கவலை அத்தோடு தீர்ந்தது.

இந்த இடத்தில் பழைய கறுப்புப் பெரிய சைக்கிளுக்கு நியாயம் செய்ய வேண்டும். அதில் செயினை முழுக்க மூடிய கேஸ் இருந்தது, மட்காடு இருந்தது, கேரியரும் ஸ்டாண்டும் பெல்லும் கேட்காமலே வந்தன. ஹைப்ரிடில் செயின் அம்மணமாக ஓடுகிறது. மட்காடும் ஸ்டாண்டும் தனிக்காசு. கடலோரத்துக்கு என்றே ஒருவர் வடிவமைத்தால் பழைய சைக்கிளின் மூடிய கேஸையும் புதியதன் கியரையும் ஒன்றாக்கத்தான் முயல்வார். பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள்ளேயே கியர் அமைந்த சைக்கிளில் அது சாத்தியம், ஆனால் இந்த விலையில் நம் கடைகளில் அது கிடைப்பதில்லை.

விற்ற கடையின் சேவை ஏமாற்றம் அளித்தது. மூன்று இலவச சர்வீஸ் என்றார்கள். அதில் நடந்தது துடைப்பும் காற்றடிப்பும்தான். கியர் தாவிக்கொண்டே இருந்ததைச் சொன்னபோது “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்று பதில் வந்தது. புதிய கம்பி சில வாரங்களில் இளகும், அதைத் திருகு சரிசெய்து இறுக்க வேண்டும், அதற்கு அரை நிமிடம் போதும் என்பது கடைக்காரருக்குத் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. இணையத்தில் வாங்கினால் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதை அறியாதவர் கையில் கொடுத்தால் பெடலைத் தாங்கும் கிராங்க் பாழாகிவிடும்.

ஓட்டத் தகுந்த சாலைகளில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த சாலைதான் மிகச் சிறந்தது, சுமார் ஒன்பதரை கிலோமீட்டர். ஆனால் தார் மேல் மணல் படர்ந்திருக்கும் இடங்களில் பிரேக்கை அழுத்தாமல் நேராக உருட்டிச் செல்ல வேண்டும், முன்சக்கரம் சறுக்கினால் அதே கணத்தில் கீழே விழுவோம். பாம்பன் பாலத்தில் பக்கக்காற்றோடு, வேடிக்கை பார்க்க நிறுத்திய கார்களின் கதவும் திறக்கும். தேசிய நெடுஞ்சாலை 87இல் இராமேசுவரத்துக்கு இரவெல்லாம் ஓடி வந்த வேன்கள் விடியலில்தான் வந்து சேரும், ஓட்டுநர் கண்ணில் தூக்கம் இருக்கும். வெயிலுக்குப் பயந்து ஐந்தரை மணிக்கே கிளம்புகிற நாம் அவர்களுக்கு முன்னால்தான் மிதித்துக்கொண்டிருப்போம். சைக்கிளோடு வந்த பிரதிபலிப்பான் அதற்குப் போதாது. சிமிட்டும் சிவப்புப் பின்விளக்கும் ஹெல்மெட்டும் சேர்த்து 1,500 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். டயர், சீட், கம்பி, மட்காடு ஆகியவற்றையும் கூட்டினால் மொத்தச் செலவு 20,000 ரூபாயைத் தாண்டும். கையில் 15,000 மட்டுமே வைத்திருப்பவர், இதைவிட விலை குறைந்த ஒரு சைக்கிளை எடுத்து, மிச்சத்தில் இவற்றை வாங்குவதே நல்லது. ஆணோ பெண்ணோ, ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்தப் பிரேம் பெரிது. சிறிய அளவும் தயாரிக்கிறார்கள், ஆனால் ராமநாதபுரத்துக் கடைகளில் இருப்பில் வைப்பதில்லை, சொல்லி வைத்து மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும்.